சமரசத் தேநீர்

லுவோ திங்ஃபாங் தேநீர்க்கடை வாசலில் குடையை மடக்கும்போதே உள்ளே பறவைச் சத்தம் இல்லை என்பதைக் கவனித்தார். வழக்கமாகக் காலை அந்த வேளையில் இரட்டைக் கெண்டைக் கடையின் கீழ்த்தளம் முழுக்க வயதான அரிசி வியாபாரிகள் உட்கார்ந்து, ஆளுக்கொரு கூண்டைத் தலைக்கு மேல் மாட்டிவிட்டு, தன் பறவைதான் நன்றாகப் பாடுகிறது என்ற நம்பிக்கையில் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டிருப்பார்கள். இன்றைக்குக் கொக்கிகள் மட்டும் தொங்கின. மேசைகளில் நீல வேலையுடுப்பில் ஆட்கள். எல்லார் கையிலும் வெள்ளைத் துணிப் பட்டி, அதில் தொழிலாளி என்று கறுப்பு மையில் எழுதியிருந்தது. லியூதாங்கில் தொழிலாளிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பட்டு ஆலையில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். மீதிப் பேருக்கு இந்த வேளையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் வசதி எந்தப் புரட்சியிலும் கிடைத்ததில்லை. இவர்களும் குடிக்கவில்லை. கோப்பைகள் நிரம்பி, ஆறி, மேலே ஏடு படியத் தொடங்கியிருந்தது. உடுப்புகளில் கடை மடிப்பு இன்னும் கலையவில்லை.

அவர்களுக்கு நடுவிலிருந்து ஒருவன் எழுந்து வந்து குடையை மரியாதையாக வாங்கிக்கொண்டான். விலாங்கு ஷி. மீன் சந்தையில் விலாங்குக் கூடைகளுக்கு மாமூல் வசூலிக்கும் கூட்டத்தின் தலைவன். போட்டிக் கூட்டத்தோடு கத்திக்குத்து வரை போன அவன் தகராறை இதே கடையின் மாடியில் லுவோதான் தீர்த்துவைத்தார். அன்றிலிருந்து அவரைத் தெருவில் பார்த்தால் எழுந்து நிற்பான். அவன் கையிலும் தொழிலாளி பட்டி. அவன் வாழ்நாளில் சுமந்த பாரம் என்று பார்த்தால் இந்தக் குடைதான் முதலாவதாக இருக்கும்.

"ஆலைச் சங்கத்து ராவ் வந்தாச்சு பெரியவரே. உங்களுக்கு முன்னாடியே வந்து மேல உக்காந்து பூசணி விதை கொறிச்சிட்டிருக்கான்."

"இன்னும் நேரம் ஆகலையே."

"அவனுக்கு அவசரம். எங்களுக்கும்தான்." ஷி குரலைத் தாழ்த்தினான். "இன்னைக்கு ஒரு நாள் கொஞ்சம் சுருக்கமா முடிச்சிடுங்க. பழைய ராஜாக்கள் கதையெல்லாம் வேணாம். ரெண்டு தேநீரையும் கலந்து ஊத்துங்க, அவங்க குடிக்கட்டும். குடிச்சதும் நீங்க எந்திரிச்சு ஜன்னல் பக்கம் போய் கால்வாயை வேடிக்கை பாருங்க. திரும்பிப் பாக்காதீங்க. ரத்தம்னா உங்களுக்கு மயக்கம் வரும்னு கேள்விப்பட்டிருக்கேன்."

"என்ன ரத்தம்?"

ஷி ஒரு கணம் அவரைப் பார்த்தான். பிறகு பாராட்டும் விதமாகத் தலையை ஆட்டினான். "நல்லாருக்கு போங்க. தெரியாத மாதிரியே கேக்கறீங்க. அதான் பெரிய மனுஷன்ங்கறது. ஷாங்காய்ல சங்கத்துக்காரங்களை முந்தாநாளே முடிச்சாச்சு. இங்க நீங்க கூப்பிட்டா மட்டும்தான் அவன் வெறுங்கையோட வருவான்னு கட்சிச் செயலாளர் சொன்னார். அதே மாதிரி வந்திருக்கான்."

லுவோ மாடிப்படியை நிமிர்ந்து பார்த்தார். "என் மேசையிலயா?"

"சேச்சே. சமரச மேசையில கை வெச்சா எங்க கூட்டத்துக்கே ஆகாது, வம்சம் விளங்காது. அதான் கிண்ணம் குடிக்கிற வரைக்கும் கீழ காத்திருக்கோம். குடிச்சாச்சுன்னா வழக்கு முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் நடக்கறது வேற விஷயம், இல்லையா?" இதைச் சொல்லும்போது விலாங்கு ஷியின் முகத்தில் கேலி இல்லை. கோயிலில் ஊதுபத்தி ஏற்றுகிறவனின் பக்திதான் இருந்தது.

லுவோ திரும்பிப் பார்த்தார். இரண்டு நீலச் சட்டைகள் வாசலின் பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாகக் காடியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். "சாரல் அடிக்குது," என்றான் ஒருவன், மிகவும் பணிவாக.

லியூதாங்கில் நீதிமன்றத்துக்குப் போகிறவனை ஊர் பரிதாபமாகப் பார்க்கும். தகராறு என்றால் தேநீர்க்கடை மாடிதான். ஒரு தரப்புக்குச் சிவப்புத் தேநீர், மறு தரப்புக்குப் பச்சைத் தேநீர். நடுவர் இரு பக்கமும் கேட்பார். தீர்ந்ததும் இரண்டு கூஜாவிலிருந்தும் ஒரே கிண்ணத்தில் தன் கையால் ஊற்றுவார். இருவரும் ஆளுக்குப் பாதி குடித்துவிட்டால் விவகாரம் முடிந்தது, பிறகு யாரும் கிளறக் கூடாது. மேசைக்கு வெறுங்கையோடு வர வேண்டும், கிண்ணம் வரும்வரை யார் மேலும் கை படக் கூடாது. முப்பது வருடங்களாக அந்த ஊரில் இதைச் செய்துவந்தவர் லுவோ. தன் நியாயத்தால் வழக்குகள் தீர்வதாக அவர் நம்பினார். ஊர் அப்படி நினைக்கவில்லை. சாக்கடைத் தகராறு ஒன்றுக்கு உட்கார்ந்தவர், வெள்ளத்தை அடக்கிய ஆதிகாலத்துப் பேரரசரிடமிருந்து ஆரம்பித்தார். அவர் சாக்கடைக்கு வந்து சேர்வதற்குள் இரு தரப்பும் பின்வாசலில் சந்தித்து, ஆளுக்குப் பாதிச் செலவு என்று பேசி, வீட்டுக்குப் போய்விட்டார்கள். பாதி வழக்குகள் அவருடைய நீதியால் தீரவில்லை, அவரிடமிருந்து தப்பிக்கும் ஆசையால் தீர்ந்தன.

மூன்று வாரம் முன்பு புரட்சி ஊருக்கு வந்தது. அதுவரை ஊரை ஆண்ட போர்ப்பிரபுவின் போலீஸ்காரர்கள் தொப்பியைக் கால்வாயில் போட்டுவிட்டு ஓடினார்கள். தேசியக் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் தோளில் கை போட்டுக்கொண்டு ஊர்வலம் போனார்கள். இதே மாடியில் கூட்டுக் கமிட்டி கூடியது. ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் தேசியக் கட்சியை நிறுவி மறைந்த தலைவரின் உயிலை எழுந்து நின்று வாசிப்பார்கள், படத்துக்கு மூன்று முறை குனிவார்கள், மௌனம் காப்பார்கள். பிறகு மீதி நேரம் முழுக்க யாருடைய கொடிக்கம்பம் உயரம் என்று சண்டை போடுவார்கள். லுவோவை 'மக்கள் வழக்கங்களுக்கான மதிப்புறு ஆலோசகர்' ஆக்கினார்கள். அதற்கு முந்தைய வாரம் வரை புரட்சிக்காரர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்தான். ஆனால் பேரரசர் ஆட்சி ஒழிந்த வருடம் முதல் ஆளாகப் போய், அந்த ஆட்சியின் அடையாளமான பின்னலை வெட்டிக்கொண்டவர் அவர். அதற்குப் பிறகு எந்த ஆட்சி மாற்றமும் அவருக்கு வலித்ததில்லை.

ஆகவே தேசியக் கட்சியின் கிளைச் செயலாளர் பியான் ஒரு பன்றித்தொடைப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்து, "தொழிற்சங்கக் காவல்படைகிட்ட இருக்கற துப்பாக்கி விஷயத்தை நீங்கதான் சுமுகமாப் பேசி முடிக்கணும், ரெண்டு கட்சியும் ஒரே குடும்பம்தானே," என்றபோது அவருக்குச் சந்தேகம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த வழக்கு. தானே நடந்து பட்டு ஆலைக்குப் போய், கொதிகலன் கொட்டகையில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த சங்கத் தலைவர் ராவ் கென்பாவை அழைத்தார். ராவ் முதலில் மறுத்தான். பியான் கூப்பிட்டால் வரமாட்டேன், ஷாங்காயிலிருந்து இரண்டு நாளாக ரயில் வரவில்லை, எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை என்றான். "பியான் கூப்பிடலை, நான் கூப்பிடறேன்," என்றார் லுவோ. "என் மேசையில முப்பது வருஷமா ஒருத்தன் மேல ஒரு கை பட்டதில்லை."

"உங்க பேச்சு பட்டே பாதிப் பேர் செத்திருக்கானே பெரியவரே," என்று ராவ் சிரித்தான். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, உங்களுக்காக வர்றேன்," என்றான்.

அந்த 'உங்களுக்காக'தான் இப்போது மாடிப்படியில் லுவோவின் கூடவே வந்தது. கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி ஏறினார். சத்தம் போட்டால் கீழே இருப்பவர்கள் மேலே வந்துவிடுவார்கள். சத்தம் போடாவிட்டால் அவர்கள் கொஞ்ச நேரம் கழித்து வருவார்கள். நாளைக்கு ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தார். ராவின் மனைவி பிள்ளைகளைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அதைத்தான் யோசித்தார், அதற்கு வெட்கப்படவும் நேரமில்லை. லுவோ கூப்பிட்டான், அவன் போனான், செத்தான். இதைவிடச் சுருக்கமான வரலாறு அவரைப் பற்றி எழுத முடியாது.

மாடியில் ஒரே ஒரு மேசை போட்டிருந்தது. மேசையில் இரண்டு கூஜாக்கள், கோப்பைகள், நடுவே காலிக் கிண்ணம். படிக்கட்டுத் தலைப்பில் செயலாளரின் குமாஸ்தாக்கள் என்று இரண்டு பேர் மேலங்கிக்குள் கையை விட்டபடி நின்றார்கள். குமாஸ்தாக்களுக்கு இருக்க வேண்டிய கூன் அவர்களுக்கு இல்லை. பியான் கொழுத்த முகத்தோடு எழுந்து வணங்கினார். ராவ் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை உயர்த்தினான். முன்னால் விதைத்தோல் குவியல்.

"வாங்க பெரியவரே. பாய்லரை மச்சான்கிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். அவன் தூங்கிட்டான்னா ஆலையே வானத்துக்குப் போயிடும். சட்டுபுட்டுன்னு ஊத்துங்க, குடிச்சிட்டுப் போறேன்."

"நானும் அதையேதான் சொல்றேன், ராவ் அவர்களே," என்றார் பியான்.

போன வாரம் வரை 'தோழர் ராவ்' என்றுதான் கூப்பிட்டார். லுவோவின் காதில் அது விழுந்தது. ராவின் காதிலும் விழுந்திருக்கும் போல. ஒரு விதையைப் பல்லிடுக்கில் வைத்தபடி கடிக்காமல் பியானைப் பார்த்தான். பிறகு கடித்தான்.

லுவோ உட்கார்ந்தார். அங்கியின் மடிப்பைச் சரிசெய்தார். தொண்டையைக் கனைத்தார். வழக்கமாக இந்தக் கனைப்பைக் கேட்டதும் அனுபவசாலிகள் இடுப்புக்கு ஒரு தலையணை தேடுவார்கள்.

"ஆரம்பத்துல," என்றார், "மனுஷங்களுக்குள்ள தகராறே இல்லை."

"ஐயோ," என்றான் ராவ்.

ஆனால் அன்றைக்கு நடந்தது அவருடைய முப்பது வருட அனுபவத்தில் நடக்காதது. அவர் இரண்டாவது அரச வம்சத்தைத் தொடுவதற்குள் ராவ் குறுக்கிட்டு, "பாதித் துப்பாக்கியை நகராட்சி அலுவலகத்துல வெச்சிடறோம், பாதி எங்க கிட்ட இருக்கட்டும். ஆலைப் பொண்ணுங்க நடுவுல நிக்கறாங்க, எனக்குச் சுட்டுக்கிட்டுச் சாகறதுல இஷ்டமில்லை," என்றான். பியான் உடனே, "சம்மதம்," என்றார். மீதித் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். "கரிக் கிடங்குல. வேற எங்க வெப்பாங்க?" என்றான் ராவ். பியான் ஒரு குமாஸ்தாவைப் பார்த்தார். அவன் சத்தமில்லாமல் படியிறங்கிப் போனான். "அவ்வளவுதான். பெரியவரே, ஊத்துங்க," என்றான் ராவ்.

எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு பேர் இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போய் லுவோ பார்த்ததில்லை. வாழ்நாள் முழுக்க மனிதர்களைச் சேர்த்துவைத்தே பேர் வாங்கியவர், இப்போது இவர்களைப் பிரித்துவைக்க என்ன செய்வது என்று தேடினார்.

"இருங்க. இவ்வளவு லேசா ஒத்துக்கிட்டா உள்ளுக்குள்ள மனத்தாங்கல் தங்கிடும். மனத்தாங்கலோட குடிச்சா கிண்ணம் செல்லாது." பியானின் பக்கம் திரும்பினார். "அந்தக் கொடிக்கம்பம் விஷயம் என்னாச்சு?"

"அது முடிஞ்சுபோன விஷயம்."

"எங்க முடிஞ்சது?" என்றான் ராவ். விதையைக் கீழே வைத்தான். "எங்க கம்பத்துல ஒரு முழம் ராத்திரியோட ராத்திரியா அறுத்தது யாரு?"

"ஈரத்துல உளுத்துப்போச்சு."

"உளுத்துப்போறது ரம்பத்தால வெட்டின மாதிரியா உளுக்கும்? மரத்தூளை நானே பாத்தேன்."

"ஊர்வலத்துல எங்க பதாகையை உங்க ஆளுங்க பின்னாடி தள்ளினாங்களே, அதைச் சொல்லுங்க முதல்ல. ஆலைக் கக்கூஸ் கமிட்டி பதாகைக்குப் பின்னாடி தேசியக் கட்சி வரணுமா?"

"சுகாதாரக் கமிட்டி."

"கக்கூஸ் கமிட்டி."

சிறிது நேரத்துக்கு இருவரும் மனதாரச் சண்டை போட்டார்கள். பியான் தான் எதற்கு வந்தார் என்பதையே மறந்து, காதுமடல் சிவக்க, மேசையைத் தட்டினார். கொல்லப்போகிறவர் கொல்லப்படப்போகிறவனிடம் பதாகை வரிசையில் தோற்கத் தயாராக இல்லை. படிக்கட்டில் மிஞ்சியிருந்த குமாஸ்தா கொட்டாவி விட்டான். லுவோ அந்த அவகாசத்தில் அறையை அளந்தார். படிக்கட்டு ஒன்றுதான். பின்பக்கம் முழுக்கச் சட்டமிட்ட ஜன்னல்கள், கீழே கால்வாய். ஆழமில்லை. காய்கறிப் படகுகள் பாலத்துக்காக வரிசையில் நிற்கும்.

"போதும்," என்றார். "இப்ப முறைப்படி இடம் மாறணும். ராவ், நீங்க எந்திரிச்சு ஜன்னலோரம் உக்காருங்க. ஆயுத வழக்குல ஆயுதம் வெச்சிருக்கறவர் தண்ணிப் பக்கமா உக்காரணும். இரும்பு தண்ணியிலதான் அடங்கும்."

"இப்படி ஒரு முறையை நான் கேள்விப்பட்டதில்லையே," என்றார் பியான்.

"நீங்க டோக்கியோவில படிச்சவர். எப்படிக் கேள்விப்பட்டிருப்பீங்க?"

குமாஸ்தா உள்ளூர்க்காரன். நெற்றியைச் சுருக்கினான். அவனும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் லுவோ திங்ஃபாங் ஒரு முறை என்று சொன்னால் அது முறைதான். முப்பது வருடங்களாகக் கூஜா மூக்கு யாரைப் பார்க்கிறது, மூடி எந்தப் பக்கம் கவிழ்கிறது என்று ஊரையே திருத்திவந்தவரை அவன் எந்த வாயால் கேட்பான். லுவோவுக்கே தான் பொய் சொல்வது போலத் தோன்றவில்லை. சொல்லச் சொல்ல, இது இவ்வளவு காலம் இல்லாமல் போனது பெரிய குறை என்று பட்டது.

"நிலப்பிரபுத்துவக் குப்பை," என்று முனகிக்கொண்டே ராவ் நாற்காலியை இழுத்துக்கொண்டு போனான். "இதுல உக்காந்தா ஊத்துவீங்களா?"

"ஜன்னலைத் திறந்து விடுங்க. புழுக்கமா இருக்கு."

வெளியே சித்திரைத் தூறல், குளிர்காற்று. லுவோ கழுத்துக்குத் துணி சுற்றாமல் கோடையில்கூட வெளியே வராதவர். காற்றுப் பட்டால் பக்கவாதம் வரும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிபவர். ராவ் ஜன்னல் கொக்கியை நீக்கித் தள்ளிவிட்டு, திரும்பி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். கீழேயிருந்து ஈரக் கீரை வாசனை வந்தது. கடைப் பணியாள் பெரிய செம்புக் கெண்டியோடு ஏறிவந்து இரண்டு கூஜாவிலும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ஓட்டமும் நடையுமாக இறங்கிப் போனான். லுவோ மறுபடி ஆரம்பித்தார். வெள்ளத்தை அடக்கிய பேரரசரிடம் வந்து சேர்ந்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம். தூரத்தில், ரயில் பாதைப் பக்கமாக. படபடவென்று ஒரு சரம், நின்று, மறுபடி ஒரு சரம்.

ராவின் தலை நிமிர்ந்தது.

"கல்யாண வீடு போல," என்றார் பியான். "பட்டாசு."

"இன்னைக்கா?" என்றார் லுவோ. நினைத்துச் சொல்லவில்லை, பஞ்சாங்கத்தில் யாராவது தவறு செய்தால் அவர் வாய் தானாகத் திறந்துகொள்ளும். "இன்னைக்குக் கல்யாணத்துக்கு ஆகாத நாளாச்சே. இந்த வாரத்துலயே ஒரு நாளும் கிடையாது. நாளைக்குக் கூரை வேயலாம், பிணம் எடுக்கலாம்."

ராவ் மெல்ல எழுந்தான்.

"அது ஆலைப் பக்கம்," என்றான். "கரிக் கிடங்குப் பக்கம்." அவன் கண்கள் படிக்கட்டுக்குப் போயின. குமாஸ்தாவின் கை மேலங்கிக்குள் அசைந்தது. ராவ் ஒரு அடி எடுத்து வைத்தான்.

"உக்காரு," என்றார் லுவோ.

மேசையில் யாரையும் அவர் ஒருமையில் பேசியதில்லை. ராவ் நின்றான். அவரைத் திரும்பிப் பார்த்தபோது அவன் முகத்திலிருந்த கொதிகலன் சிவப்பெல்லாம் இறங்கியிருந்தது.

"நீங்களுமா பெரியவரே?"

லுவோ குமாஸ்தாவின் மேலங்கியைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம், "கிண்ணம் குடிக்காம மேசையை விட்டுப் போகக் கூடாது. உன் இடத்துல உக்காரு. ஜன்னலோரம்," என்பதுதான்.

ராவின் கை இடுப்புக்குப் போய், அங்கே எதுவும் இல்லாததால் திரும்பிவந்தது. துப்பாக்கியைக் கொட்டகையில் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தான், முறை என்று சொன்னார்கள் என்பதற்காக. "உங்களை நம்பினேன் பாருங்க," என்றான் சத்தமில்லாமல், ஏதோ தன்னைத்தானே கிண்டல் செய்வது போல. நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சரியாச் சொன்னீங்க ஆலோசகரே," என்றார் பியான். நெற்றி வியர்வையைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். "கிண்ணத்தைக் குடிச்சிட்டா எல்லாருக்கும் வேலை முடிஞ்சது. ஊத்துங்க."

"பேரரசர் வெள்ளத்தை அடக்கின கதை இன்னும் பாதிதான் ஆகியிருக்கு."

"ஊத்துங்கன்னு சொன்னேன்."

"நான் முடிக்காம ஊத்தினா செல்லாது."

"அப்ப நானே ஊத்தறேன். மக்கள் ஆட்சியில யார் வேணா ஊத்தலாம்." பியான் எழுந்து இரண்டு கைகளிலும் இரண்டு கூஜாக்களை எடுத்தார். கிண்ணத்துக்கு மேலே கொண்டுவந்து சாய்த்தார்.

லுவோ தன் வலது கை மேசைமேல் நகர்ந்து போவதைப் பார்த்தார். அது போய்க் கிண்ணத்தின் வாயை மூடிக்கொண்டது. ஒரு பக்கத்திலிருந்து சிவப்பும் மறுபக்கத்திலிருந்து பச்சையும் புறங்கைமேல் விழுந்தன. கையை இழுத்துக்கொள்வார் என்று நினைத்து பியான் ஊற்றுவதை நிறுத்தவில்லை. இழுத்துக்கொள்ளாதபோது எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆவி எழுந்தது. தேநீர் விரலிடுக்குகளில் ஒன்றுகலந்து, கிண்ணத்தில் இறங்க வழியில்லாமல், மேசைமேல் பரவி விளிம்பைத் தாண்டியது.

"பேரரசர் தன் வீட்டு வாசல் வழியா மூணு தடவை போனார்," என்றார் லுவோ. குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை; சாக்கடை வழக்கில் இருந்த அதே குரல். "மூணு தடவையும் உள்ள போகலை. உள்ள பொண்டாட்டி புள்ளை அழுதுக்கிட்டிருந்தாங்க. அப்பவும் வாசப்பக்கம் போகலை. ஏன்னா தண்ணிக்கு எது வழின்னு அவருக்குத் தெரியும். படி வழியா இல்லை. தண்ணி வழியா."

ராவ் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் சிவந்தது, பிறகு அங்கங்கே வெளுத்து உப்பத் தொடங்கியது. கரியும் நீராவியும் பழகினவனுக்கு அது எப்படிப்பட்ட சூடு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கையிலிருந்து அவன் பார்வை மேலேறி, லுவோவின் முகத்துக்கு வந்தது. வாய் பேசிக்கொண்டே இருந்தது. கண்கள் இரண்டும் அவனைத் தாண்டி, திறந்த ஜன்னலில் நிலைத்திருந்தன. குமாஸ்தாவோ வாயைப் பிளந்தபடி, இந்த முறை எந்த ஊர் முறை என்று புரியாமல், வெந்துகொண்டிருக்கும் அந்தப் புறங்கையையே பார்த்து நின்றான்.

கீழே, படிக்கட்டடியில் அண்ணாந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்த விலாங்கு ஷியின் பின்கழுத்தில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது. கையால் தடவி முகர்ந்தான். மாடிப் பலகையின் இடுக்கில் இன்னொரு சொட்டு திரண்டு நின்றது; அதையும் விரலில் வாங்கி நாக்கில் வைத்தான். சிவப்பும் இருந்தது, பச்சையும் இருந்தது. அவன் ஆட்கள் கோப்பைகளைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து நின்று அவன் முகத்தைப் பார்த்தார்கள். கலந்தாகிவிட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கிண்ணத்தில் கலந்ததா? குடித்தார்களா? தரையில் கொட்டினால் வழக்கு முடிந்ததாகக் கணக்கா, இல்லையா? இதைக் கேட்டுத் தெளிய ஊரில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அவர் மேலே பேசிக்கொண்டிருந்தார், நிற்காமல். கடைக்குப் பின்னால் கால்வாயில் பொத்தென்று ஒரு ஆள் கனத்துக்கு ஏதோ விழ, ஒரு படகுக்காரி, நசுங்கிய தன் கீரைக் கூடைகளையும் யாருடைய தாயாரையோ சேர்த்துத் தெருவே கேட்கும்படி வையத் தொடங்கினாள். ஷி ஒரு காலைப் படியில் வைத்தான், இன்னொன்றை வைக்கவில்லை. பலகை இடுக்கையே பார்த்தபடி, அடுத்த சொட்டுக்காக உள்ளங்கையை நீட்டினான்.